குழந்தைத் தள்ளுவண்டி: வரலாறும் பயன்பாட்டுக் காலமும்

குழந்தைத் தள்ளுவண்டி என்பது கைக்குழந்தையைப் படுக்கவைத்தோ நடைபழகும் குழந்தையை உட்காரவைத்தோ, பெரியவர் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிச் செல்லும் சிறிய வண்டி. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரபு குடும்பமொன்றில் பிள்ளைகளின் விளையாட்டு வண்டியாகத் தோன்றியது. 19-ஆம் நூற்றாண்டில் செல்வர் வீட்டுத் தாதிகளின் கையில் பூங்காக்களுக்குப் போனது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மடக்கக்கூடிய எளிய பொருளாகி, மேலை நாடுகளில் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தது. வண்டியின் வடிவத்தில் நேர்ந்த பெரிய மாற்றங்களில் பல, அதைத் தள்ளுபவரின் சிரமத்தைக் குறைக்க எழுந்தவை. உள்ளே இருக்கும் குழந்தைக்கு எது நல்லது, எந்த வயதில் வண்டியிலிருந்து இறக்கி நடக்கவிட வேண்டும் என்ற கேள்விகள் ஆய்வுகளிலும் பொதுச் சுகாதார வழிகாட்டல்களிலும் அண்மைக் காலத்தில்தான் முக்கியத்துவம் பெற்றன.

பெயர்

ஆங்கிலத்தில் இவ்வண்டிக்குப் பல பெயர்கள் உண்டு. பெராம்புலேட்டர் என்பது பழைய பெயர். சுற்றி நடத்தல் என்னும் பொருள்கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்தது. குழந்தை வண்டிக்கு இப்பெயர் வருவதற்கு முன்பே, நில அளவையாளர்கள் தூரம் அளக்க உருட்டிச் சென்ற சக்கரக் கருவிக்கும் இதே பெயர் இருந்தது. பெராம்புலேட்டர் சுருங்கி ‘பிராம்’ ஆயிற்று. பிரிட்டனில் பிராம் என்றால் குழந்தை படுத்துச் செல்லும் வண்டி. புஷ்சேர் அல்லது பக்கி என்றால் உட்கார்ந்து செல்லும் வண்டி. அமெரிக்காவில் உட்காரும் வண்டியை ஸ்ட்ரோலர் என்பர்.

தமிழ்நாட்டில் தள்ளுவண்டி என்ற சொல் காய்கறி, பழம், சிற்றுண்டி விற்கும் வண்டியையே முதலில் நினைவூட்டும். அதனால் குழந்தைக்கான வண்டியைக் கடைகளிலும் வீடுகளிலும் ஸ்ட்ரோலர் என்றே சொல்கின்றனர். தமிழர் வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கிய மூன்று சக்கர மர நடைவண்டி இதிலிருந்து வேறானது. நடைவண்டியைக் குழந்தையே பிடித்துத் தள்ளி நடைபழகும். தள்ளுவண்டியில் குழந்தை அமர்ந்திருக்க, பெரியவர் நடப்பார்.

தோற்றம்

குழந்தை வண்டியின் வரலாறு பொதுவாக 1733-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கப்படுகிறது. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரும் தோட்ட வடிவமைப்பாளருமான வில்லியம் கென்ட், மூன்றாம் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக ஒரு சிறு வண்டியை வடிவமைத்தார். இருக்கை சிப்பி வடிவில் இருந்தது. பிரபுவின் கேவண்டிஷ் குடும்பச் சின்னமான பாம்பின் உருவங்கள் வண்டியை அலங்கரித்தன. ஆட்டையோ சிறு குதிரையையோ பூட்டி இழுக்கும்படி அது அமைந்திருந்தது. பெரியவர்களின் குதிரை வண்டியைச் சிறிதாக்கிய வடிவமே அது. தள்ளும் கைப்பிடி அதில் இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் பெஞ்சமின் பாட்டர் கிராண்டால் குழந்தை வண்டிகளைச் செய்து விற்றார். அவர் மகன் ஜெஸ்ஸி ஆர்மர் கிராண்டால் மடக்கும் அமைப்பு, பிரேக் போன்ற மேம்பாடுகளைச் சேர்த்தார். இழுத்துச் செல்லும் வண்டியில் ஒரு குறை இருந்தது. இழுப்பவரின் முதுகுக்குப் பின்னால் குழந்தை இருந்ததால், அது விழுந்தாலும் உடனே தெரியாது. கைப்பிடியைப் பின்பக்கம் வைத்துத் தள்ளினால் குழந்தை எப்போதும் கண்முன் இருக்கும். இத்தகைய தள்ளும் வண்டிக்கு 1853-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் பர்ட்டன் காப்புரிமை பெற்றார். விக்டோரியா அரசியின் காலத்தில் அரச குடும்பங்களும் செல்வர்களும் வாங்கத் தொடங்கியதும் பிராம் ஒரு குடும்பத்தின் அந்தஸ்தைக் காட்டும் பொருளாகவும் ஆயிற்று.

1877-ஆம் ஆண்டில் வில்லியம் வில்சன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சில்வர் கிராஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். வில்லமைப்பில் தொங்கும் உடல், பெரிய சக்கரங்கள், விரித்து மூடும் கூரை ஆகியவற்றைக் கொண்ட பிரிட்டிஷ் பிராமின் அடையாளமாக அந்தப் பெயர் நிலைத்தது.

குழந்தை பார்க்கும் திசை

1889-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று பால்டிமோர் நகரைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கரான வில்லியம் ரிச்சர்ட்சன் ஒரு மேம்பாட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வண்டியின் தொட்டில் பகுதியைச் சுழற்றித் திருப்பலாம். விரும்பினால் குழந்தை தெருவைப் பார்க்கும்; விரும்பினால் தள்ளுபவரின் முகத்தைப் பார்க்கும். குழந்தை எத்திசையில் பார்க்க வேண்டும் என்பது ஒரு தேர்வாக மாறியதில் இக்கண்டுபிடிப்புக்கு முக்கிய இடம் உண்டு.

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிராம் வெளியே வைக்கப்பட்ட தொட்டிலாகவும் பயன்பட்டது. நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங் போன்றோர் குழந்தைகளுக்குத் திறந்தவெளிக் காற்றை வலியுறுத்தினர். நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் குழந்தையைப் பிராமில் படுக்கவைத்துத் தோட்டத்தில் தூங்கவிடுவது வழக்கமாயிற்று. டென்மார்க், பின்லாந்து முதலிய நாடுகளில் குளிர்காலத்திலும் குழந்தையைப் போர்த்தி வெளியில் தூங்கவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

இத்தகைய பிராம் கனமானது. மாடிப்படியில் தூக்க முடியாது. சிறிய வீட்டுக்குள் அதை நிறுத்த இடம் வேண்டும். அது படுத்திருக்கும் குழந்தைக்கான வண்டி. உட்காரவும் நடக்கவும் தொடங்கிய குழந்தை விரைவில் அதற்கு அடங்காததாகிவிடும். ஆகவே வண்டியை நிறுத்தும் நேரத்தை ஓரளவு வண்டியின் வடிவமே தீர்மானித்தது.

மக்லாரன் வண்டி

இந்நிலையை மாற்றியவர் ஆங்கிலேய விமானப் பொறியாளர் ஓவன் மக்லாரன் (இறப்பு: 1978). இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மடங்கும் சக்கரக் கால்களை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையுடன் வந்த மகள், கனமான வண்டியோடு பயணத்தில் பட்ட பாட்டைக் கண்டு அவர் மாற்று வழியை யோசித்தார் என்று கூறப்படுகிறது. விமானத்தின் சக்கரக் காலைப் போலவே, வண்டி விரிந்திருக்கும்போது பாரம் தாங்க வேண்டும். வேண்டாதபோது சிறு இடத்துக்குள் மடங்க வேண்டும்.

1965-ஆம் ஆண்டில் அவர் தம் வடிவத்துக்குக் காப்புரிமை கோரினார். அலுமினியக் குழாய்ச் சட்டம், பெருக்கல் குறி போலக் குறுக்கிட்ட கம்பிகள், இடையே துணி இருக்கை என்பதே அமைப்பு. எடை சுமார் 2.7 கிலோ. மடக்கினால் குடையைப் போல நீண்டு ஒடுங்கும். நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தின் பார்பி கிராமத்தில், அவருடைய வீட்டுக் குதிரைக் கொட்டிலில் தயாரிப்பு தொடங்கி 1967-இல் வண்டி விற்பனைக்கு வந்தது. ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் மடக்கிய வண்டியையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏற முடிந்தது. காரின் பின்பெட்டியில் அடைக்கவும் முடிந்தது.

குடைபோல் மடங்கும் இந்த வடிவம் உலகெங்கும் பரவியபோது இரண்டு விளைவுகள் சேர்ந்தே வந்தன. முதலாவதாக, மடங்கும் எளிய சட்டத்தில் இருக்கை ஒரே திசையில் பொருத்தப்பட்டது. குழந்தை தெருவையே பார்த்தது. ரிச்சர்ட்சன் 1889-இல் தந்த தேர்வு மலிவான வண்டிகளில் இல்லாமல் போயிற்று. இரண்டாவதாக, நன்றாக நடக்கத் தெரிந்த குழந்தையையும் வண்டியில் கொண்டு செல்வது எளிதாயிற்று. மடக்கிக் கையில் எடுத்துச் செல்லும் பொருள் என்பதால், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று அதை உடன் எடுத்துச் செல்லலாம்.

பிற்கால வடிவங்கள்

1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஃபில் பெய்க்லர், ஓட்டப் பயிற்சியின்போது மகனையும் அழைத்துச் செல்வதற்காக மிதிவண்டிச் சக்கரங்களைப் பொருத்திய மூன்று சக்கர வண்டியை உருவாக்கினார். ஓட்டத்துக்கான தள்ளுவண்டி என்னும் வகை அதிலிருந்து வளர்ந்தது. பின்னர் குழந்தைக்கான கார் இருக்கையையே கழற்றி வண்டிச் சட்டத்தில் பொருத்தும் இணைப்பு வகைகள் பரவின. நெதர்லாந்து வடிவமைப்பாளர் மாக்ஸ் பாரன்பிரூக் பங்கேற்று 1999-இல் நிறுவிய புகாபூ, இருக்கையைத் திருப்பும் வசதியை விலையுயர்ந்த நவீன வண்டிகளில் மீண்டும் பிரபலமாக்கியது.

பாதுகாப்பு

மடங்கும் வண்டியின் ஆபத்து அதன் மூட்டுகளில் உள்ளது. 2009 நவம்பரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் மக்லாரன் நிறுவனமும் சுமார் 10 லட்சம் குடை வகை வண்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டன. வண்டியை விரிக்கும்போது மூட்டில் சிக்கி விரல் நுனி துண்டான 12 நிகழ்வுகள் அமெரிக்காவில் பதிவாகியிருந்தன. மூட்டை மூடும் உறைகள் இலவசமாகத் தரப்பட்டன. வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தையைத் தள்ளி நிற்கவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை எல்லா மடங்கும் வண்டிகளுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் தள்ளுவண்டிகளுக்கான கட்டாயத் தரநிலை 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் இ.என். 1888 என்னும் தரநிலை பின்பற்றப்படுகிறது.

பேருந்தில் இடம்

தாழ்தளப் பேருந்துகள் வந்தபின் வண்டியை மடக்காமலேயே ஏற்ற முடிந்தது. ஆனால் அவற்றில் திறந்த இடம் ஒதுக்கப்பட்டது சக்கர நாற்காலிப் பயணிகளுக்காக. மாற்றுத்திறனாளிகளின் நெடிய போராட்டத்துக்குப் பிறகே பிரிட்டனில் அந்த இடம் 2000-ஆம் ஆண்டின் விதிமுறைகள் வழியே கட்டாயமாக்கப்பட்டது. அதே இடத்தைக் குழந்தை வண்டிகளும் பயன்படுத்தத் தொடங்கியபோது மோதல் எழுந்தது.

2012 பிப்ரவரியில் வெதர்பியிலிருந்து லீட்ஸ் செல்லும் பேருந்தில் ஏற வந்த டக் பாலி என்பவருக்குச் சக்கர நாற்காலி இடம் கிடைக்கவில்லை. அங்கே தூங்கும் குழந்தையுடன் ஒரு தாயின் தள்ளுவண்டி நின்றது. ஓட்டுநர் கேட்டபோது வண்டி மடங்காது என்று அத்தாய் கூறினார். பாலி பேருந்தில் ஏற முடியவில்லை. அவர் தொடுத்த வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2017 ஜனவரி 18 அன்று வந்த தீர்ப்பு, இடத்தைத் தருமாறு ஒரு முறை கேட்டுவிட்டு ஓட்டுநர் விட்டுவிடக் கூடாது என்றது. மறுப்பு நியாயமற்றது என்று கருதினால் மேலும் வலியுறுத்த வேண்டும்; தேவையானால் சில நிமிடங்கள் பேருந்தை நிறுத்தி வைப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் மறுக்கும் பயணியைக் கட்டாயம் இறக்கிவிட வேண்டும் என்று நீதிமன்றம் கூறவில்லை.

ஜப்பானில் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. நெரிசலான ரயிலில் வண்டியை மடக்க வேண்டுமா என்பது அங்கே நெடுநாள் சர்ச்சை. 2014-இல் அரசின் ஆதரவுடன் வந்த வழிகாட்டல், ரயிலிலும் பேருந்திலும் வண்டியை மடக்காமல் ஏற்றலாம் என்ற பொது நெறியையும் அதற்கான அடையாளக் குறியையும் அறிமுகப்படுத்தியது. பெற்றோர் எந்த வண்டியை வாங்குவது என்பது அந்த ஊரின் பேருந்து, ரயில், மாடிப்படி, நடைபாதை ஆகியவற்றோடு பிணைந்த முடிவு என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் வளர்ச்சி நிலை. தலையையும் முதுகையும் தாங்க முடியாத முதல் மாதங்களில் குழந்தை மல்லாந்து படுக்கும்படியான வண்டி வேண்டும். நிமிர்ந்த இருக்கை கொண்ட குடை வகை வண்டிகள் பொதுவாக ஆறு மாதத்துக்குப் பிறகே ஏற்றவை. கார் இருக்கையைச் சட்டத்தில் பொருத்தித் தள்ளும் வகை குறுகிய பயணத்துக்கானது. நீண்ட நேரத் தூக்கத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

குழந்தை பார்க்கும் திசையும் கவனத்துக்குரியது. 2008-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சுசான் சீடிக், பிரிட்டனின் தெருக்களில் 2,722 பெற்றோர்-குழந்தை இணைகளைக் கவனித்துத் தொகுத்த ஆய்வை வெளியிட்டார். தள்ளுபவரின் முகத்தைப் பார்க்கும் வண்டிகளில் பெற்றோர் குழந்தையோடு பேசுவது, தெருவைப் பார்க்கும் வண்டிகளைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. அதனுடன் 20 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட சிறு சோதனையில், பெற்றோரைப் பார்த்த நிலையில் குழந்தைகள் தூங்கும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது. வண்டியின் திசைதான் பேச்சுக்கு முழுக் காரணம் என்று தெரு ஆய்வை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பேசும் இயல்புள்ள பெற்றோர் அத்தகைய வண்டியைத் தேடி வாங்கியிருக்கவும் கூடும். ஆயினும் கைக்குழந்தைக்கு முகம் பார்க்கும் இருக்கை, வேடிக்கை பார்க்கும் வயதுக்குத் தெருப் பக்கம் திருப்பும் வசதி என்ற தேர்வு பயனுள்ளது. அவ்வசதி இல்லாத வண்டியில் அவ்வப்போது நின்று, குனிந்து பேசுவது அதற்கு ஈடாகும்.

தோள், இடுப்பு, கால்களுக்கிடை ஆகிய ஐந்து முனைகளில் பூட்டும் பெல்ட், எளிதில் பூட்டும் பிரேக், மடங்காமல் தடுக்கும் பூட்டு ஆகியவை அடிப்படைத் தேவைகள். கைப்பிடியில் கனமான பைகளைத் தொங்கவிட்டால் வண்டி பின்னால் சாயும். வெயிலுக்காக வண்டியைத் துணியால் முழுவதும் மூடினால் காற்றோட்டம் தடைபட்டு உள்ளே வெப்பம் கூடும். மின்தூக்கி இல்லாத மாடிவீட்டில் இருப்பவருக்கு எடையே முதல் அளவுகோல். கரடுமுரடான பாதையில் செல்பவருக்குச் சக்கரம்.

எடை வரம்பும் வயதும்

இ.என். 1888 தரநிலையின் முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கான வண்டிகளைப் பற்றியது. 2018-இல் வந்த இரண்டாம் பகுதி 15 கிலோவுக்கு மேல் 22 கிலோ வரையிலான குழந்தைகளுக்கான வண்டிகளுக்குரியது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 15 கிலோ என்பது மூன்று வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையின் நடுத்தர எடை. 22 கிலோ என்பது ஏறத்தாழ ஆறரை முதல் ஏழு வயதுப் பிள்ளையின் எடை. பெரிய குழந்தைகள் வண்டியில் அமர்த்தப்படுவது நடப்பில் இருப்பதால், அவர்களைத் தாங்கும் உறுதி தேவைப்படுகிறது. இந்த வரம்பு வண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. குழந்தை அதுவரை வண்டியில் செல்ல வேண்டும் என்று அது பரிந்துரைப்பதில்லை.

நிறுத்தும் காலம்

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வின்படி குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்கும் சராசரி வயது சுமார் 12 மாதம். 8 முதல் 18 மாதத்துக்குள் எப்போது நடந்தாலும் இயல்பே. நடக்கத் தொடங்கிய குழந்தை எவ்வளவு நடக்கும் என்பதை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் காரன் அடால்ஃபும் குழுவினரும் 2012-இல் வெளியிட்டனர். விளையாட்டறையில் விடப்பட்ட 12 முதல் 19 மாதக் குழந்தைகள் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்தன. 17 முறை விழுந்து எழுந்தன.

குழந்தைக்கு நடக்கத் தெரியும் என்பதும், பெரியவரோடு கடைவரை நடந்து வரும் என்பதும் ஒன்றல்ல. சிறு குழந்தையின் நடை விட்டுவிட்டு நிகழ்வது. பத்தடி நடக்கும், நிற்கும், கல்லைப் பொறுக்கும், திரும்பி வரும். பெரியவரின் நடைக்கு ஒரு போய்ச்சேருமிடம் உண்டு. வேலைக்கோ பேருந்துக்கோ நேரமும் உண்டு. இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையிலான பூசலைத் தள்ளுவண்டி தற்காலிகமாகத் தீர்க்கிறது. குழந்தை நடக்க முடியாததைவிட, பெரியவர் காத்திருக்க முடியாததே பல வீடுகளில் வண்டி தொடர்வதற்குக் காரணம்.

2019 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடலியக்கம், உட்கார்ந்திருத்தல், உறக்கம் பற்றிய வழிகாட்டலை வெளியிட்டது. தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ குழந்தையை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஒன்று முதல் நான்கு வயதுவரையிலான குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. வண்டியை நிறுத்தக் குறிப்பிட்ட வயது எதையும் அவ்வழிகாட்டல் விதிக்கவில்லை. அளவுகோல் வண்டியில் கழியும் நேரமே. வண்டியே இல்லாமல் நாள் முழுவதும் திரை முன் உட்கார்ந்திருக்கும் குழந்தையைவிட, பூங்காவரை வண்டியில் போய் அங்கே இரண்டு மணி நேரம் ஓடியாடும் குழந்தை நல்ல நிலையில் இருக்கிறது.

பல குடும்பங்களில் இரண்டரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் வண்டி மெல்ல விடைபெறுகிறது. வண்டியில் ஏற மறுத்தல், வழக்கமான தூரத்தைக் களைப்பின்றி நடத்தல், சாலையோரம் கைப்பிடித்து வருதல், நில் என்றால் நிற்றல் ஆகியவை அதற்கான அறிகுறிகள். பகல் தூக்கம் நின்றுவிட்டால் வண்டியின் தேவை பாதியாகும். குழந்தையைவிடப் பைகளே வண்டியில் மிகுதியாகப் பயணம் செய்தால், அது கைப்பையின் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

ஒரே நாளில் வண்டியை ஒளித்துவைப்பதைவிடப் படிப்படியாகக் குறைப்பது எளிது. முதலில் அருகிலுள்ள கடைக்கு வண்டியின்றிச் செல்லலாம். தொலைவான இடத்துக்குப் போகும்போது நடந்தும், திரும்பும்போது வண்டியிலும் வரலாம். புறப்படும் நேரத்தைக் கால் மணி முன்னதாக வைத்துக்கொள்வது பெரியவர் செய்ய வேண்டிய மாற்றம். தம்பியோ தங்கையோ பிறந்த வீட்டில், பின்னால் நின்று செல்லும் சக்கரப் பலகையைப் பிராமில் இணைத்து மூத்த குழந்தைக்கு இடம் தருவதுண்டு.

விலக்குகளும் உள்ளன. தசை, மூட்டு, இதய நோய்களால் விரைவில் களைப்படையும் பிள்ளைகளுக்கும், கூட்டத்திலும் இரைச்சலிலும் நிலைகுலையும் ஆட்டிச நிலைப் பிள்ளைகளில் சிலருக்கும் ஐந்து, ஆறு வயதுக்குப் பின்னும் வண்டி தேவைப்படலாம். அவர்களுக்கெனப் பெரிய அளவு வண்டிகள் செய்யப்படுகின்றன. அக்குறைபாடுகள் பல நேரம் வெளியே தெரிவதில்லை. வண்டியில் அமர்ந்திருக்கும் பெரிய பிள்ளையைப் பார்த்து வழிப்போக்கர் கேலி பேசுவது இப்பெற்றோரை வீட்டுக்குள் முடக்கும். 18 மாதம் ஆகியும் நடக்கத் தொடங்காத குழந்தையையும், நன்றாக நடந்துகொண்டிருந்து திடீரென நடக்க மறுக்கும் குழந்தையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.